சிவப்பு ஹெல்மெட்

எதிரே இருந்த கோபுரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, சாகச விழாவுக்காக, ஆட்கள் பாராசூட்டோடு ஒவ்வொருவராகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மேனேஜர், "வேடிக்கை பார்க்க எழுந்தா சீட்டு கிழிஞ்சிடும்" என்று அறிவித்துவிட்டார். அலுவலகமே கழுத்துச் சுளுக்கு வந்தது போல நேராக உட்கார்ந்து வேலை பார்த்தது.

டெலிபோன் ஆபரேட்டர் அக்கா மட்டும் எழுந்து போய் ஜன்னலில் நின்றாள்.

"ஏம்மா, சொன்னது காதுல விழலையா? உட்காரு!"

"பார்த்துட்டு உட்கார்றேன் சார்."

"வேலை போயிடும்."

"போனா போகட்டும் சார்."

"வேலைவெட்டி இல்லாததுங்க மாடியிலேர்ந்து விழுதுங்க. இதுக்குப் போய்..."

"அடுத்தது ஒரு பொம்பள சார். சிவப்பு ஹெல்மெட்."

"பொம்பளையா! வீட்டுல கேக்க ஆள் இல்ல போலிருக்கு."

"இருக்கார் சார். காலையிலேர்ந்து அவருக்குத்தான் போன் மேல போன் போட்டாங்க. ஆபீஸ் நேரத்துல உங்க வீட்டுலேர்ந்து வர்ற போனை உங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?"

மேனேஜர் நாற்காலியோடு திரும்பினார்.

"என்கிட்ட... அனுமதி கேக்கவா கூப்பிட்டா?"

"அனுமதியா? இல்ல சார். உங்களை வந்து பாக்கச் சொன்னாங்க. நீங்க வரலைன்னா என்னையாவது நின்னு கைதட்டச் சொன்னாங்க."