முத்திரை வைத்த பெட்டி

சிட்னியின் பழைய ரேடியோ நிலையங்களையும் ரேடியோ செய்த ஆலைகளையும் தேடி அலைந்த நோரீனுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. காலையில் போய்ப் பார்த்தால், பழைய ஒலிபரப்பு நிலையம் இருந்த இடம் கார் நிறுத்துமிடமாகியிருந்தது. “ஒரு செங்கல்லாவது விட்டு வச்சீங்களாடா பாவிங்களா!” என்று ஆளில்லாத இடத்தில் கத்திவிட்டு வந்தாள். அடுத்து வந்து நின்ற ரேடியோ ஆலையோ இப்போது டயர் கடை.

“இதுவும் போச்சா?”

“இது மட்டும் மிச்சம்மா,” என்று கடைக்காரர் கிளைவ் ஒரு ரேடியோவைக் காட்டினார். ஒரே நிலையத்தை மட்டும் பிடிக்கும்படி, அந்தக் காலத்தில் முத்திரை வைத்து விற்றது. அது பிடிக்கும் நிலையம், நோரீன் காலையில் தேடிப் போன அதே நிலையம்தான். முத்திரை உடைபடவில்லை.

“பாடுமா?”

“எங்க! எப்பவும் கார் கதவு சாத்துற சத்தம்தான். இன்னைக்குக் காலையிலதான் ஒரு பொம்பள கத்துனா, செங்கல்லக்கூட விட்டு வைக்கலியாம். உடனே ஒரு ஆளு அதட்டுனான்.”

“என்னன்னு?”

“‘ஒலிபரப்பு நடக்குது, சத்தம் போடாதீங்கம்மா’ன்னு.”