அம்மா சொன்னாங்க

"அம்மா, குட்டி என் கையையே கடிக்குதுங்க. விரல நீட்டினா போதும், புடிச்சுத் தொங்குது."

மோனிஷா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மடியில் கிடந்த பூனைக்குட்டியின் கண்ணோரப் பீளையை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கைய வெச்சு வெளையாட்டுக் காட்டாத கண்ணு," என்றது போன். "கயித்துல துணிய முடிஞ்சு இழுத்து உடு. அதக் கடிச்சுப் பழகட்டும். ஒண்ணுக்கு எங்க போவுது?"

"அரிசி மூட்டைக்குப் பின்னாடிங்க."

"அகலமான தட்டுல மண்ணக் கொட்டி அங்கயே வையி. நாலு தரம் தூக்கி உட்டா அப்புறம் தானா போவும்."

அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்த ஆரோக்கியம்மாள் துடுப்பைச் சட்டி விளிம்பில் ஓங்கித் தட்டினாள்.

மோனிஷா இந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. வந்த அன்று, "பொம்பளைதான் கொஞ்சம் பொறுத்துப் போவணும்" என்று ஆரோக்கியம்மாள் சொன்ன ஒரு வார்த்தை அவளுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. அதோடு பேச்சு குறைந்தது. சாப்பிட்டாயா என்றால் ஒரு 'ம்'. தலைவலியா என்றால் 'இல்ல'. அவ்வளவுதான்.

போன வாரம் இண்டூருக்குக் காய் வாங்கப் போனவள், சாக்கடை ஓரம் கத்திக்கொண்டு கிடந்ததென்று இந்தக் குட்டியைத் துப்பட்டாவில் சுருட்டிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து வாய் ஓயவில்லை. ஆனால் எல்லாம் அந்தப் போனோடுதான். குட்டி தும்மினால் போன். காதைச் சொறிந்தால் போன். விடிய விடியக் கத்தினால் விடிந்ததும் போன்.

அவள் 'அம்மா' என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் ஆரோக்கியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. மாடும் ஆடும் பூனையுமாக வளர்த்துத் தள்ளியவள் எதிரில் நிற்கிறேன்; என்னை ஒரு வார்த்தை கேட்டால் என்ன? பாப்பிரெட்டிப்பட்டியில் உட்கார்ந்திருக்கிற ராணியம்மாளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா?

"குட்டிக்குக் கொஞ்சம் பால் ஊத்தட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"பசும்பால் வேணாம். வயித்தால போவும்னு அம்மா சொன்னாங்க."

"பூனைக்கு எந்தக் காலத்துல பாலு ஆவாம போச்சு?"

மோனிஷா குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மோனிஷா குளிக்கப் போன நேரம் பார்த்து, ஆரோக்கியம்மாள் ஒரு டப்பா மூடியில் பால் ஊற்றி வைத்தாள். குட்டி சொட்டு விடாமல் நக்கியது. அதுவரை அவளைக் கண்டாலே மூட்டைக்குப் பின்னால் ஓடி ஒளிந்தது, இப்போது காலை உரசிக்கொண்டு வந்து மடியில் ஏறிச் சுருண்டது. ஆரோக்கியம்மாளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. மதியமும் ஊற்றினாள். சாயங்காலமும் ஊற்றினாள்.

அடுத்த நாள் காலையில் குட்டி எழவில்லை. பின்பக்கமெல்லாம் கழிந்து, தலையைத் தூக்க முடியாமல் சாக்கின் மேல் துவண்டு கிடந்தது.

"அம்மா, செத்துடும் போலிருக்குங்க," என்று மோனிஷா தேம்பினாள். வந்ததிலிருந்து அவள் அழுது ஆரோக்கியம்மாள் பார்த்ததில்லை. அந்த அழுகையும் போனுக்குத்தான் போனது.

வெயில் ஏறுவதற்குள் ராணியம்மாள் பஸ் பிடித்து வந்துவிட்டாள்.

"வாங்க சம்மந்தி," என்றாள் ஆரோக்கியம்மாள். வாய் மட்டும்தான் சொன்னது.

குட்டியைத் துடைக்க வெந்நீர் எடுக்கச் சமையலறைக்குள் போன ராணியம்மாள், பால் ஆடை காய்ந்து எறும்பு மொய்த்த மூடியைப் பார்த்தாள். திரும்பி ஆரோக்கியம்மாளையும் பார்த்தாள். மூடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். இந்தப் பெருந்தன்மை ஆரோக்கியம்மாளை இன்னும் வேகவைத்தது.

மோனிஷாவும் ராணியம்மாளும் குட்டியைக் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் தோலுக்கடியில் குளுக்கோஸ் ஏற்றி ஊசி போட்டு அனுப்பினார். பொழுது சாய்வதற்குள் குட்டி தலையைத் தூக்கி, ஈனமாக ஒரு தரம் கத்தியது.

ராணியம்மாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மோனிஷா வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நானும் உங்ககூடவே வந்துடறேன். குட்டியையும் தூக்கிக்கறேன்."

'தாராளமா போ' என்று சொல்ல வந்தது ஆரோக்கியம்மாளுக்கு. ஆனால் நாக்கு வேறு சொன்னது.

"பால் ஊத்துனது நான்தான். உன்கிட்ட ஒட்டிக்கற மாதிரி என்கிட்டயும் வந்து ஒட்டிக்கட்டும்னு ஊத்துனேன். அது சாவணும்னு இல்ல."

மோனிஷா திரும்பி, வெகுநாள் கழித்து அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

ராணியம்மாள் தன் கையைப் பற்றியிருந்த விரல்களை மெல்லப் பிரித்து, ஆரோக்கியம்மாளின் கைக்குள் வைத்தாள்.

"வேணாம் கண்ணு. ஒன்ன அடிச்சுத் தொரத்துன என் பையன் நேத்து வூட்டுக்குத் திரும்பி வந்துட்டான்," என்றாள். "இனி மாமியா வூட்டுப் பக்கம் வராத, ஒன்னப் பெத்தவகிட்டயே இரு."