நிரூபாவின் கழுத்தில் இருந்தவள்

தாலிக்கொடியையும் பதக்கம் கோத்த சங்கிலியையும் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் தந்தார் தாதி. என் மனைவி நிரூபாவின் கட்டில் சத்திரசிகிச்சை அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

இதய வால்வு. ஐந்து மணித்தியாலம் ஆகும் என்றார்கள். பெரும்பாலும் நல்லபடி முடியும் என்றார் மருத்துவர். அந்தப் 'பெரும்பாலும்' காலையிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.

அரை மணித்தியாலம் கழித்து நிரூபாவின் அம்மா, என் மாமி, பக்கத்துக் கதிரையிலிருந்து பைக்குள் கைவிட்டார். தாலியைத்தான் எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். எடுத்தது மற்றதை.

எட்டு மாதமாக மாமி அந்தப் பதக்கத்தை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அதில் ஒரு வெள்ளைக்காரியின் முகம். நடு உச்சி பிரித்த தலை, மெல்லிய முக்காடு, சற்றே குனிந்த பார்வை.

அது வீட்டுக்கு வந்த நாளிலிருந்துதான் மாமி வெள்ளிக்கிழமை தவறாமல் கேரம் டவுன்ஸ் சிவன் கோயிலுக்குப் போய் வந்து, மகளின் நெற்றியில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோலத் திருநீறு பூசத் தொடங்கினார். மகளின் நெஞ்சு நோய்க்காக என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"பிள்ளை கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினது எனக்கு எப்பவோ தெரியும் தம்பி. கேட்டால் ஓம் எண்டிடுவாளோ எண்ட பயத்திலை கேக்கேல்லை."



மாமி பதக்கத்தைச் சுவெட்டர் நுனியால் துடைத்தார்.

"அவள் இவவைத்தானே நம்பினவள். இண்டைக்கு நான் ஆரோடையும் கோவிச்சுக்கொண்டு இருக்கேலாது. மாதாவை என்னெண்டு கும்பிடுறது தம்பி? எனக்கு ஒண்டும் தெரியாது."

அது மாதா இல்லை. கணினி என்று ஒன்று வருவதற்கு நூறு வருடம் முன்பே அதற்கு நிரல் எழுதிய பெண். அறிவியலில் பெயர் பதித்த பெண்களின் முகங்களைப் பதக்கமாகச் செய்து விற்கும் ஒரு கடையில், நிரூபாவின் அலுவலகத்துப் பெண்கள் ஆளுக்கு ஒருத்தியாக வாங்கினார்கள். ரேடியத்தைக் கண்டுபிடித்தவளை ஒருத்தி எடுத்தாள். நிரல் எழுதிச் சம்பளம் வாங்கும் என் மனைவி இவளை எடுத்தாள்.

ஒரே வசனத்தில் சொல்லிவிடலாம். மாமியின் எட்டு மாதக் கவலை அதோடு தீரும். ஆனால் இன்னும் நாலரை மணித்தியாலம் இருந்தது. அதுவரை அவர் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பார்?

"பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும் மாமி. இவவின்ரை பேர் ஆடா."

மாமி கண்களை மூடிக்கொண்டார்.

"ஆடாத் தாயே, என்ரை பிள்ளையைத் திருப்பித் தா."

இரண்டாம் முறை நானும் சேர்ந்து சொன்னேன்.