கைக்கு அடக்கமான பெட்டி

"இதைவிடச் சின்னது இல்லையா?" என்று அவள் கேட்டதும் கடைக்காரன் சிரித்துவிட்டான்.

கண்ணாடி மேசைமேல் மூன்று கேபினெட்டுகள் இருந்தன. கம்ப்யூட்டரின் உள்ளுறுப்புகளை அடைத்து வைக்கும் வெறும் கூடுகள். அதிலேயே சின்னதுதான் அவள் கையில் இருந்தது. செருப்பு வரும் அட்டைப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்தாள்.

"அக்கா, சின்னதாப் போகப் போக விலை ஏறும். இதே காசுக்குப் பெரிய கேபினெட்ல நல்ல கிராபிக்ஸ் கார்டே போட்டுத் தரேன். பொண்ணு கேம் ஆடத்தானே?"

அவன் சொன்னது அவளுக்குத் தெரியாததல்ல. ஒரு மாதமாக இதைத்தான் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். குட்டி மதர்போர்டு யானை விலை. குட்டி பவர் சப்ளை அதற்கும் மேலே. அந்தக் காசை வேறெங்காவதுதான் பிடிக்க வேண்டும். அதனால் ப்ராசஸரில் ஒரு படி இறங்கினாள். மெமரியைப் பாதியாக்கினாள். கிராபிக்ஸ் கார்டில் ஒற்றை ஃபேன் உள்ளதாக, கட்டையானதாகப் பார்த்து எடுத்தாள்.

ஆட்டம் திக்கித் திணறித்தான் ஓடும். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். வைத்துக்கொள்ளட்டும்.

பிறந்தநாளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டுமே என்று சொல்லி மகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். கூட வந்திருந்தால் பெரியதாகத்தான் கேட்டிருப்பாள்.

கணவன் வாசலருகே நாற்காலியில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். காசு அவனுடையது. இவ்வளவுக்குள் முடித்துக்கொள் என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டான். இன்று அவன் நல்ல மனநிலையில் இருந்தான். அப்படிப்பட்ட நாளிலேயே காரியத்தை முடித்துவிட வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி.

"வீட்டுல மேசையில இடமே இல்லைங்க. அதான் சின்னதா கேக்குறா" என்று அங்கிருந்தபடியே அவளுக்காகப் பரிந்து பேசினான்.

அவனிடம் அவள் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள்.

போன வருடம் அவன் அவளுடைய சுண்டுவிரலை ஒடித்த மறுநாள், மகளைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். துணிமணி, சான்றிதழ், கொஞ்சம் நகை எல்லாவற்றையும் எடுத்தாள். கம்ப்யூட்டரை மட்டும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பது? அதை நகர்த்தவே இரண்டு ஆள் வேண்டும்.

அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட்டாள். அங்கேதான் தப்புச் செய்தாள். மகளுக்கு இருந்த தோழிகள் அத்தனை பேரும் அதற்குள்தான் இருந்தார்கள். சாயங்காலமானால் அவர்களோடு ஆடுவாள், வாயாடுவாள், சில நாள் அழவும் செய்வாள். அப்பாவின் குரல் உயர்ந்தால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர்களிடம் போய்விடுவாள்.

கணவனுக்கு அது தெரிந்திருந்தது. அவன் அக்கா வீட்டு வாசலில் வந்து சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டு, அதன் திரையை வீடியோ காலில் மகளுக்குக் காட்டினான். ஒவ்வொரு தோழியின் பெயருக்குப் பக்கத்திலும் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். மகள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளைத் தனியாக அனுப்ப மனம் வராமல் இவளும் பின்னாலேயே போனாள்.

அந்தப் பழைய கம்ப்யூட்டர் இப்போது புகைந்து செத்துவிட்டது. மகள் அழுதாள். இவள் அழுகிற மாதிரி நின்றாள்.

இந்த முறை வாங்குவது மகளின் பள்ளிப்பைக்குள் போக வேண்டும். பையை அளந்தாகிவிட்டது. மானிட்டரைத் தூக்க வேண்டாம், அக்கா வீட்டில் டிவி இருக்கிறது.

கடைக்காரன் ஒவ்வொன்றாகப் பூட்டி, கடைசியில் கார்டைக் கேபினெட்டுக்குள் இறக்கினான். ஒரு விரல் நுழைய இடமில்லை. மூடியை வைத்து அழுத்தினான். மூடி பொருந்திக்கொண்டது. பட்டனைத் தட்டியதும் ஃபேன் சுற்றியது.

அவளுக்கு அங்கேயே சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

கணவன் எழுந்து வந்தான். ஒயர்களைக் கழற்றச் சொல்லிவிட்டு, பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தான்.

"பரவாயில்லையே" என்றான்.

திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவினான். ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. விரல் அங்கே நின்றது.

கம்ப்யூட்டர் பற்றி இத்தனை படித்தவள், அந்தத் துளை எதற்கென்று படித்திருக்கவில்லை.

"இதுல மாட்டுற பூட்டு வச்சிருக்கீங்களா? மேசைக் காலோட சேத்துப் பூட்டுற மாதிரி. சின்னப் பொருள் பாருங்க, யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"நியாயம்தான் சார்" என்று கடைக்காரன் உள்ளே போய் ஒரு இரும்பு வடத்தை எடுத்து வந்தான். அதோடு இரண்டு சாவிகள் தொங்கின. கணவன் இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பில்லில் சேர்த்துக்கொள்ளச் சொன்னான்.

பிறகு பெட்டியை எடுத்து அவள் கைகளில் வைத்தான்.

"நீயே தூக்கிட்டு வா. அதுக்குத்தானே இவ்ளோ பாடுபட்ட."

அவள் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள். அவள் போட்டிருந்த கணக்கைவிட லேசாகத்தான் இருந்தது.