படம் தந்து உதவியவர்

வீட்டுத்தோட்டம் பற்றித் தொடங்கிய வலைப்பூவின் முதற்பதிவிலேயே, படம் எடுத்தவரின் பெயரைப் போடவில்லையென்று நிரோசினி நல்லாய் வாங்கிக்கட்டியிருந்தாள். அதனால் பக்கத்து வீட்டுப் புனிதம் அன்ரி எடுத்துத் தந்த வெள்ளை றோசாப் படங்களை ஏற்றும்போது ஒரு குறையும் வைக்கவில்லை. பூக்களுக்கு நடுவில் அன்ரியின் முகத்தையும் வெட்டி ஒட்டினாள். கீழே, 'தண்ணீரூற்றைச் சேர்ந்த திருமதி யாக்கோப்பு புனிதம் அவர்களுக்கு எங்கள் நன்றிகள்.'

காலையில் பார்த்தால், அன்ரியின் வெளிநாட்டுச் சொந்தங்களெல்லாம் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்திருந்தார்கள்.

வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து ஓடினாள். அன்ரி குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தா.

"குறை நினையாதேங்கோ அன்ரி. நான் போட்ட படத்தைச் சனம் மரண அறிவித்தல் எண்டு நினைச்சிட்டுது. கனடாவிலை உங்கடை மகனும் பார்த்திட்டார். வாறதுக்கு ரிக்கற் தேடுறாராம்."

அன்ரியின் கை நின்றது. "டெஸ்மனோ? வாறன் எண்டு அவனே எழுதினவனோ?"

"ஓம். இப்பவே அந்தப் பதிவை அழிச்சிட்டு, நீங்கள் சுகமா இருக்கிறியள் எண்டு போட்டுவிடுறன்."

"பொறு பிள்ளை. எத்தினை தரம் கூப்பிட்டும் வராதவன் அவன். கல்யாணம் கட்டின நாளிலையிருந்து என்னோடை கதையில்லை."

அந்நேரம் பார்த்து மேசையிலிருந்த அன்ரியின் போன் அடித்தது. திரையில் டெஸ்மனின் பெயர். அன்ரி அவதியாய்க் கையை நீட்டினா. தொடப்போய், இழுத்துக்கொண்டா. பிறகு போனை நிரோசினியின் பக்கம் தள்ளிவிட்டா.

"நீ எடு பிள்ளை. எடுத்து, கொஞ்சம் அழு."