இரண்டுக்கு மூன்று

“புரியல சார்” என்றாள் குட்டி.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. கோபத்தை அடக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பின்னக் கணக்கில் புலி என்று தெரு முழுக்கப் பெயரெடுத்த டியூஷன் மாஸ்டர், ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஒன்றிடம் இந்த வாரம் முழுக்க மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தார்.

கணக்கு இதுதான். ஒரு வகுப்பில் முப்பது பேர். பெண்களுக்கும் பையன்களுக்கும் உள்ள விகிதம் இரண்டுக்கு மூன்று. வகுப்பில் பெண்கள் எத்தனை பங்கு, எத்தனை பேர்?

குட்டியின் பக்கத்து நாற்காலியில் அவள் சித்தி உட்கார்ந்திருந்தாள். மற்ற வீட்டுக்காரர்கள் பிள்ளையை வாசலில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். இவள் பாடம் முடியும்வரை நகரமாட்டாள், செல்போனைக்கூடத் தொடமாட்டாள்.

“நாளைக்கு ரெண்டாவது பீரியட் சார்” என்றாள் சித்தி. “தப்பாப் போச்சுன்னா அத்தனை பிள்ளைங்க முன்னாடி மானம் போயிடும். எப்படியாவது இன்னைக்குப் புரிய வச்சிடுங்க.”

டெஸ்ட் போலிருக்கிறது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றால் பெரியவர்களுக்குக் காய்ச்சல் வருவது அவருக்குப் புதிதில்லை.

“உள்ள பொத்தான் டப்பா இருக்கா?” என்று மனைவியைக் கேட்டார். தையல் மிஷின் நின்றது. டப்பா வந்தது.

“சட்டைக்குத் தைக்கணும். கணக்கு முடிஞ்சதும் எல்லாத்தையும் திருப்பிக் குடுங்க. போன தடவை ரெண்டு குறைஞ்சுது” என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போனாள்.

மாஸ்டர் மேஜைமேல் இரண்டு சிவப்புப் பொத்தானையும் மூன்று வெள்ளைப் பொத்தானையும் வைத்தார். “சிவப்பு பொண்ணுங்க, வெள்ளை பையனுங்க. மொத்தம் எத்தனை?”

“அஞ்சு.”

“அப்ப சிவப்பு எத்தனைல எத்தனை?”

குட்டி வாயைத் திறந்தவள், சித்தியைப் பார்த்தாள். சித்தி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“மூணுல ரெண்டு” என்றாள் குட்டி.

“அந்த மூணு வெள்ளைம்மா. மொத்தத்துலதானே பங்கு பாக்கணும்?” மாஸ்டரின் குரல் ஏறியது. “சரி, நீ சொல்ற மாதிரியே வச்சுக்குவோம். முப்பதுல மூணுல ரெண்டு பங்குன்னா இருபது பொண்ணுங்க. மிச்சம் பத்துப் பையன். ஆனா கணக்குல பையனுங்கதானே அதிகம்?”

“ஆமால்ல?” என்றாள் சித்தி. உடனே குட்டியின் பக்கம் திரும்பி, “பாத்தியா, சார் என்ன சொல்றாருன்னு?” என்று அவள் முதுகைத் தட்டினாள்.

“குழந்தைகிட்ட ஏன் கத்துறீங்க?” என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

“நான் எங்க கத்துறேன்?” என்று கத்தினார் மாஸ்டர்.

பிறகு, வீட்டில் எப்படிப் பழக்க வேண்டும் என்று சித்திக்கே விளக்க ஆரம்பித்தார். குட்டி டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு சிவப்பு மூன்று வெள்ளை, இரண்டு சிவப்பு மூன்று வெள்ளை என்று மேஜையோரமாக வரிசை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆறாவது வரிசை முடிந்தபோது சித்தி பெருமூச்சு விட்டாள். குட்டி சட்டென்று எல்லாவற்றையும் ஒரே தள்ளாகக் கலைத்தாள்.

“விளையாட்டுப் புத்தி” என்றார் மாஸ்டர். அவருக்கு வெறுத்துப்போய்விட்டது.

“இன்னொரு தடவை முதல்லேருந்து சொல்லுங்க சார். அவளுக்காக” என்று சித்தி கெஞ்சினாள். கண் கலங்கியிருந்தது.

சொன்னார். படம் போட்டார், கோடு கிழித்தார், தன் பத்து விரலையும் பங்கு பிரித்துக் காட்டினார். சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். குட்டி “புரியல சார்” என்றாள். இதற்குமேல் என்ன செய்வது என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. இத்தனை வருஷமாகத் தான் சொல்லிக்கொடுத்தது எல்லாமே இந்த லட்சணம்தானோ என்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுக்க வெளியே போனாள்.

மாஸ்டர் குனிந்து, கிட்டத்தட்ட மன்றாடுகிற குரலில் கேட்டார். “பயப்படாம சொல்லு குட்டி. எந்த இடம் புரியல?”

குட்டி பையை மாட்டிக்கொண்டே சொன்னாள். “அஞ்சுல ரெண்டு பங்கு சார். முப்பதை அஞ்சால வகுத்தா ஆறு. ரெண்டால பெருக்கினா பன்னெண்டு பொண்ணுங்க. மிச்சம் பதினெட்டுப் பையனுங்க.”

மாஸ்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “இது எப்பப் புரிஞ்சுது உனக்கு?”

“நீங்க முதல் நாள் சொன்னப்பவே.”

“அப்புறம் ஏம்மா இத்தனை நாளா என் உயிரை வாங்கின?”

குட்டி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “எங்க கணக்கு டீச்சர் வேலைய விட்டு நின்னுட்டாங்க சார். நாளைக்கு இந்தப் பாடத்தை ட்ராயிங் டீச்சரை எடுக்கச் சொல்லிட்டாங்க ஸ்கூல்ல. அவங்களுக்குக் கணக்குன்னாலே பயம்.”

“அதுக்கும் நீ புரியலைன்னு சொல்றதுக்கும் என்ன சம்பந்தம்?”

“சித்திதான் சார் எங்க ட்ராயிங் டீச்சர்.”