அண்ணனுக்கு மூட்டுவலி

"எதிரியை 'அண்ணே'ன்னு கூப்பிடச் சொல்லி எந்த ஒப்பந்தத்துல இருக்கு?"

சட்ட அதிகாரி போட்ட போட்டில் ஆபரேட்டர் தலையைச் சொறிந்தார்.

இரண்டு நாட்டு ராணுவத்துக்கும் நடுவே அவசரத்துக்கென்று ஒரே ஒரு போன். தினமும் காலையில் லைன் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். 'கேட்குதா?', 'கேட்குது.' அவ்வளவுதான் விதி. இவரோ மூட்டுவலி, மாமியார் சண்டை என்று எதிர்நாட்டு ஆபரேட்டரோடு ஊர்க்கதை பேசி, கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

"தினமும் கேட்கிற குரல் மேடம், பழகிடுச்சு."

"பழக்கமா? உங்களை வேலையை விட்டுத் தூக்கத்தான் நான் வந்திருக்கேன்!"

போன் அடித்தது. ஸ்பீக்கரில் அதே அண்ணன் குரல்.

"தம்பி, உங்க படை இப்பவே பின்வாங்கணும். இல்லேன்னா எங்க ஏவுகணை கிளம்பிடும்."

தளபதி ஓடி வந்தார். "நாம முந்திக்கணும்! சட்டம் இடம் கொடுக்குமா மேடம்?"

சட்ட அதிகாரி மனதுக்குள் சட்டத்தைப் புரட்டினாள். அடி விழப்போவது உறுதியென்றால் கொடுக்கும். ஆனால் வெறும் குரலை நம்பியா? குரலையே போலியாகச் செய்யும் காலத்துக்கு அவள் படித்த சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அவள் மகள் படிப்பதோ எல்லையோர ஊரில்.

ஆபரேட்டர் மைக்கை இழுத்தார். "சரிண்ணே. பொண்ணுக்குக் காய்ச்சல்னீங்களே, விட்டுச்சா?"

"விட்டுடுச்சு தம்பி. நல்லாயிருக்கா."

ஆபரேட்டர் பட்டென்று போனை வைத்தார். "இது அண்ணனே இல்லை சார். அவருக்கு மூணுமே பையன்கள். ரெண்டு நாட்டையும் மோதவிட எவனோ லைனுக்குள்ள புகுந்திருக்கான்."

"நிச்சயமாவா?"

"அவரையே கேட்டுடலாம்." இந்த முறை இவரே கூப்பிட்டார்.

எதிர்முனை எடுத்ததுமே கேள்வி வந்தது. "தம்பி, உங்க தங்கச்சி கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"எனக்கு ஏதுண்ணே தங்கச்சி? நான் ஒத்தைப் பிள்ளையாச்சே!"

"அப்பாடா, நீங்கதான்! இப்பத்தான் உங்க குரல்ல ஒருத்தன் எங்களை மிரட்டினான். இங்க பட்டன் மேல கை வெச்சுட்டு நிக்கிறாங்க தம்பி!"

"எடுக்கச் சொல்லுங்கண்ணே, இங்கயும் அதே கதைதான்!"

தளபதி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சட்ட அதிகாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆபரேட்டர் போனை வைக்கப் போனார். அவள் தடுத்தாள்.

"இருங்க. அண்ணனுக்கு மூட்டுவலி எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வைங்க."